பிராவின்ஸ்டவுன்: எந்த வாரம் போகிறீர்கள்?

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் தீபகற்பம் கடலுக்குள் நீட்டி மடக்கிய கை போல இருக்கும். அந்தக் கையின் விரல் நுனியில் இருக்கிறது பிராவின்ஸ்டவுன். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. கோடையில் அதைப்போலப் பல மடங்கு கூட்டம் வந்து இறங்கும், அதில் பெரும்பகுதி நம் குயர் ஆட்கள், அதாவது ஒருபாலீர்ப்பாளர்களும் திருநர்களும். ஊர்க்காரர்களும் அடிக்கடி வருகிறவர்களும் சுருக்கமாக பீ-டவுன் என்பார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குயர் பயணிக்கு இந்த ஊர் தருவதாகச் சொல்வதைத் தருகிறது. ஆனால் விலை அதிகம், திட்டமிடாமல் போனால் பாதி நாள் வரிசையிலும் வெயிலிலும் போய்விடும். எந்த விடுதி, எந்த உணவகம் என்பதைவிட எந்த வாரம் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. ஒரே தெருவில் ஜூலையில் ஒரு ஊர், அக்டோபரில் வேறு ஊர்.

இரண்டு பெண்கள் ஒரே கட்டில் உள்ள அறையைப் பதிவு செய்துகொண்டு போய் நிற்கிறார்கள் என்று வையுங்கள். "ரெண்டு கட்டிலா மாத்தித் தரட்டுமா?" என்ற கேள்வி வராது. பெயரைச் சரிபார்ப்பார்கள், இரண்டு சாவி தருவார்கள், காலை உணவு எத்தனை மணி வரை, மாடிப்படி செங்குத்தாக இருக்கும் பார்த்து ஏறுங்கள் என்பார்கள், அவ்வளவுதான். கடையில், வங்கியில், சைக்கிள் வாடகைக்கு எடுக்கிற இடத்தில் எல்லாம் இதே கதை. பெரிய நகரங்களில் இதற்கென்று ஒரு தெருவோ ஒரு பேட்டையோ இருக்கும், அதன் எல்லை தாண்டியதும் கோத்த கையை விட வேண்டியிருக்கும். இங்கே ஊர் முழுக்கவே அந்தப் பேட்டை. இந்த நிம்மதிக்காகத்தான் மற்ற எல்லாத் தொல்லையையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருபாலினத் திருமணம் முதலில் சட்டப்படி நடந்தது இந்த மாநிலத்தில்தான், 2004 மே 17 அன்று. கடை, விடுதி, கழிப்பறை போன்ற பொது இடங்களில் பாலின அடையாளத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்ற சட்டம் 2016இல் வந்தது. 2018இல் அதை நீக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள்.

இனி வாரம். ஜூலை 4 விடுமுறையை ஒட்டி வருகிறவர்கள் பெரும்பாலும் இளைய ஆண்கள், இரவு முழுக்க இசை. ஜூலை நடுவில் கரடி வாரம்: பருமனான, தாடி வைத்த ஆண்களும் அவர்களை விரும்புகிறவர்களும். ஜூலை இறுதியில் குடும்ப வாரம். குழந்தைகளோடு வரும் தாய்-தாய், தந்தை-தந்தை குடும்பங்களால் தெரு நிறைந்திருக்கும், ஐஸ்கிரீம் கடை வரிசை பாருக்கு நிற்கும் வரிசையைவிட நீளமாக இருக்கும். ஆகஸ்ட் நடுவில் கார்னிவல். அதன் ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. வியாழக்கிழமை நடக்கும், அதைப் பார்த்து நாள் போடுங்கள். அக்டோபரில் பெண்கள் வாரம், 1984 முதல் நடக்கிறது. அதே மாதம் திருநர் வாரம். 1975இல் ஃபேன்டேசியா ஃபேர் என்ற பெயரில் தொடங்கியது அது. அந்த வாரங்களில் ஊரே அந்தந்தக் கூட்டத்துக்குத் திரும்பிவிடும். அமைதியான விடுமுறைக்கு வந்த பெண் ஜோடி கரடி வாரத்தில் மாட்டிக்கொண்டால், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தது போல இருக்கும்.

முதன்முறை போகிறவர்களுக்கு செப்டம்பர் இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தைத்தான் பரிந்துரைப்பேன். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின விடுமுறையோடு பள்ளிக் குடும்பங்கள் திரும்பிவிடும். அறை வாடகை இறங்கும், கோடையில் சூடான கடல் அப்படியே இருக்கும், கப்பலும் ஓடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பாதிக் கடை பூட்டியிருக்கும். எழுதவோ வரையவோ தனிமை தேடுகிறவருக்கு அது பிடிக்கும், மற்றவருக்குப் பிடிக்காது.

போய்ச் சேருவதில்தான் முதல் தப்பு நடக்கும். பாஸ்டனிலிருந்து வேகக் கப்பலில் 90 நிமிடம், இருவழிக் கட்டணம் 100 டாலருக்கு மேல். ஏறத்தாழ மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஓடும். இரண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன, இரண்டும் ஒரே துறையிலிருந்து கிளம்புவதில்லை. ஒன்று லாங் வார்ஃப், மற்றது சீபோர்ட் பகுதி. இடையில் நடந்து போனால் இருபது, இருபத்தைந்து நிமிடம். டிக்கெட்டில் துறையின் பெயரைப் பார்க்காமல் டாக்ஸியில் ஏறி, தப்பான துறையில் இறங்கி, கப்பல் போவதைக் கரையிலிருந்து பார்க்கிற ஆட்கள் ஒவ்வொரு கோடையும் உண்டு. விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் லாங் வார்ஃப் என்றால் ப்ளூ லைன் ரயிலில் அக்வேரியம் நிலையத்தில் இறங்க வேண்டும். சீபோர்ட் என்றால் சில்வர் லைன் எஸ்எல்1 பஸ், முனையத்தின் வாசலிலேயே ஏறலாம். விமான நிலையத்தில் ஏறினால் அதில் கட்டணம் கிடையாது.

கப்பலில் மேல்தளம் அழகு, ஆனால் ஜூலையிலும் காற்று குளிரும், ஒரு ஜாக்கெட் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். வடகிழக்குக் காற்று அடிக்கிற நாளில் ஆட்டம் அதிகம். வயிறு புரட்டும் ஆள் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே மாத்திரை போட்டுக்கொண்டு, கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள், முன்பக்கம் வேண்டாம். காற்று மிஞ்சினால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் ஊர் திரும்பும் அன்றே பாஸ்டனிலிருந்து வெளிநாட்டு விமானம் போட்டு வைப்பது சூதாட்டம். ஒரு இரவு இடைவெளி விடுங்கள்.

பாஸ்டனிலிருந்து ஒன்பது பேர் ஏறும் சிறு விமானமும் உண்டு, அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். எடைக் கணக்கு கறார், உங்கள் எடையையும் கேட்பார்கள். அதற்கு விமான நிலையச் சோதனை உண்டு என்பதால் டிக்கெட்டில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ள பெயராகவே இருக்க வேண்டும். பெயர் மாற்றம் பாதியில் நிற்கிற திருநர் நண்பர்கள் இதைக் கவனிக்கவும், கப்பலில் அந்தச் சோதனை கிடையாது.

காரில் வந்தால் பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். குளிர்காலத்தில் இரண்டரை மணி நேரம். கோடை வெள்ளிக்கிழமை மாலையில் கேப் காட்டுக்குள் நுழையும் சகமோர் பாலத்திலேயே ஒரு மணி நேரம் நிற்க நேரிடும். வந்து சேர்ந்த பிறகு காரால் பயனும் குறைவு. பல விடுதிகளில் நிறுத்த இடம் கிடையாது, இருந்தாலும் தனிக் கட்டணம். காரைப் பாஸ்டனிலேயே விட்டுவிட்டுக் கப்பலில் வாருங்கள்.

விடுதிகள் பெரும்பாலும் பழைய கப்பல் தலைவர்களின் மரவீடுகள். பார்க்க அழகு. ஆனால் அறை சிறியது, படி செங்குத்து, லிஃப்ட் இருக்காது, சுவர் மெலிசு. முட்டி வலி உள்ளவர்கள் தரைத்தள அறை என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். குறைந்த வாடகை அறைகளில் குளியலறை பொதுவாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் தனிக் குளியலறையோடு ஓர் இரவுக்கு 300 டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. காட்டிய வாடகைக்கு மேல் மாநில வரி 5.7 சதவீதம், அதன்மேல் ஊர் வரி, கேப் காட் தண்ணீர் நிதிக்கு 2.75 சதவீதம் என்று சேரும். விசேஷ வாரங்களில் ஐந்து இரவு, ஏழு இரவு குறைந்தபட்சம் என்று கட்டாயம் வைப்பார்கள், ரத்து விதியும் அப்போது இறுகும். சில விடுதிகள் ஆண்களுக்கு மட்டும், அவற்றில் சிலவற்றில் நீச்சல் குளப் பக்கம் உடை கட்டாயமில்லை. பதிவு செய்யும்முன் படித்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் நேரம். காலைக் கப்பல் பத்தரை வாக்கில் கொண்டுவந்து விடும், அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள், அநேகமாக எல்லோரும் சரி என்பார்கள்.

ஊரின் முதுகெலும்பு கமர்ஷியல் தெரு, கடலை ஒட்டி ஏறத்தாழ மூன்று மைல். கார்களுக்கு ஒருவழி, சைக்கிளுக்கு இரண்டு வழியும் உண்டு. நடப்பவர்கள் நடைபாதையை விட்டு நடுத்தெருவில் நடப்பார்கள், சைக்கிள்கள் மணி அடித்துக்கொண்டு புகுந்து வரும். அவசரமாகப் போக வேண்டுமென்றால் ஒரு தெரு உள்ளே பிராட்ஃபோர்டு தெருவில் போங்கள். கிழக்குப் பக்கம் ஓவியக் கூடங்கள், நடுவில் துறைமுகமும் டவுன் ஹாலும், மேற்கே வீடுகளும் தோட்டங்களும். மாலையில் அன்றைய இரவு நிகழ்ச்சியின் டிராக் கலைஞர்கள் (பெரும்பாலும் பெண் வேடமிட்டு ஆடிப் பாடுகிறவர்கள்) முழு ஒப்பனையோடு தெருவில் நின்று துண்டுச்சீட்டு தருவார்கள். அவர்களோடு படம் எடுத்துக்கொண்டால் டிக்கெட் வாங்காவிட்டாலும் கையில் இரண்டு மூன்று டாலர் கொடுப்பதுதான் மரியாதை, அது அவர்கள் பிழைப்பு.

சாப்பாடு மட்டம் இல்லை, மலிவும் இல்லை. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிளாம் சவுடர் என்ற கெட்டியான சூப்பில் சிப்பி மட்டுமில்லை, பன்றி இறைச்சியும் பெரும்பாலும் சேரும். கேல் கீரை சூப் என்று பெயர் போட்டிருப்பது போர்த்துகீசிய மீனவர் வீட்டுச் சமையல், அதில் லிங்குயிசா தொத்திறைச்சி இருக்கும். மலசாடா என்ற சர்க்கரை தூவிய பொரித்த மாவை காலையில் சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர். அதில் முட்டை உண்டு. பில்லில் 7 சதவீத வரி சேரும், பரிமாறுகிறவருக்கு 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் தனி. பட்ஜெட் போடும்போது மெனு விலையோடு கால்வாசியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்கு வருவோம். ஹெரிங் கோவ்தான் நம் கரை. வாகன நிறுத்தத்திலிருந்து இடது பக்கம் நடந்தால் முதலில் பெண்கள் கூடும் பகுதி, அதற்கும் அப்பால் ஆண்கள் கூடும் பகுதி. மேற்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் கடலில் மறைவதை இங்கே பார்க்கலாம், அமெரிக்கக் கிழக்குக் கரையில் அது அபூர்வம். ஆண்கள் பகுதிக்குச் சாலையிலிருந்து உப்புச் சதுப்பைக் குறுக்கே கடந்து போகிற குறுக்குவழி ஒன்று உண்டு. அங்கேதான் வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இந்த வளைகுடாவில் கடல்நீர் சராசரியாக 9 அடி ஏறி இறங்கும். காலையில் கணுக்கால் நனையாமல் கடந்த ஓடை, மாலையில் திரும்பும்போது இடுப்பளவு இருக்கும், போனும் பர்ஸும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஓதம் ஏறும் நேரம், இறங்கும் நேரம் விடுதியிலேயே ஒட்டியிருப்பார்கள். உச்ச நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும் என்பதால் நேற்றைய நேரத்தை நம்பாதீர்கள். நீர் வற்றி முடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போய், அடுத்த ஏற்றம் பாதி வருவதற்குள் திரும்புங்கள்.

இந்தக் கரை தேசியக் கடலோரப் பூங்காவுக்குச் சொந்தம், மத்திய அரசின் நிலம். நிர்வாணமாக இருப்பதற்கு இங்கே வெளிப்படையான தடை உண்டு. பலர் அப்படி இருப்பார்கள், அதைப் பார்த்து அனுமதி உண்டென்று நினைக்க வேண்டாம், பூங்காக் காவலரான ரேஞ்சர் வந்தால் அபராதச் சீட்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள், பின்னாளில் குடியேற்ற விண்ணப்பத்தில் அந்தச் சீட்டு கேள்வியாக வந்து நிற்கலாம். கஞ்சாவும் அப்படித்தான். ஊரில் கடை போட்டு விற்கிறார்கள், மாநிலச் சட்டப்படி சரி, மத்திய சட்டப்படி குற்றம். விசாவில் இருப்பவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

கடலில் வெள்ளைச் சுறா உண்டு. 2018இல் அருகிலுள்ள வெல்ஃப்ளீட்டில் சுறா கடித்து ஒருவர் இறந்தார். கடல்நாய் (சீல்) கூட்டம் தெரிந்தால் கரையேறிவிடுங்கள், சுறாவுக்கு அதுதான் இரை. மணல்மேட்டுப் புற்களில் உண்ணி இருக்கும், லைம் நோய் பரப்பும். அறைக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால், இடுப்பு, அக்குள் எல்லாம் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்குக் கோடியில் கருங்கல் அலைதடுப்பு ஒன்று, 1911இல் கட்டியது, ஒரு மைலுக்கு மேல் நீளம். மறுகரை மணல்திட்டில் இடது பக்கம் போனால் லாங் பாயின்ட் கலங்கரை விளக்கம். கற்கள் ஒவ்வொன்றும் ஆள் படுக்கும் அளவு, ஒன்று மேடு ஒன்று சாய்வு, இடைவெளியில் கால் முழுசாகப் போகும். ரப்பர் செருப்பு ஆகவே ஆகாது. ஒருவழிக்கு நாற்பது நிமிடம் வையுங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதத்தில் சில இடங்களில் கல்லுக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும், பாசி வழுக்கும். அந்த நாட்களில் ஊர்த் துறையிலிருந்து போகும் படகில் போய்விடுங்கள்.

மாலை நாலு முதல் ஏழு வரை போட்ஸ்லிப் விடுதியின் கடல்பார்த்த மரத்தளத்தில் டீ டான்ஸ். டீ கிடையாது, நடனம் உண்டு. தனியாக வந்தவர்கள் ஆட்களைப் பழகிக்கொள்ள ஊரிலேயே நல்ல இடம் இதுதான். வெளிச்சத்தில் நடப்பதால் பயமில்லை, பேசினால் காது கேட்கும். பார்கள் ஒரு மணிக்கு மூடும். அதன்பிறகு ஊர் முழுக்க ஸ்பிரிடஸ் பிட்சா கடை வாசலில் நிற்கும், அது ஒரு சடங்கு மாதிரி. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது கிடையாது, அடையாளம் கறாராகக் கேட்பார்கள். வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தையும் போனில் உள்ள பாஸ்போர்ட் படத்தையும் பல வாசலில் ஏற்க மாட்டார்கள், அசல் பாஸ்போர்ட் வேண்டும்.

ஊரின் குறை என்று எனக்குப் படுவதையும் சொல்ல வேண்டும். வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள், வசதியானவர்கள். மாநிறத்தில் ஒருவர் நின்றால், வெறுப்பு இருக்காது, ஆனால் பார்வை உங்களைத் தாண்டிப் போகிற நேரங்கள் இருக்கும். கோடையில் இங்கே வேலைக்கு வருகிறவர்களில் ஜமைக்காக்காரர்கள் அதிகம் என்பதால் சிலர் உங்களைப் பணியாளர் என்று நினைத்துப் பேசிவிடுவதும் உண்டு. வெள்ளையரல்லாதவர்களுக்கென்றே தனி வார இறுதிகள் நடத்துகிறார்கள், முதல் பயணத்தைத் தனியாகச் செய்கிறவர் அதை ஒட்டி நாள் போட்டால் தனிமை குறையும். திருநர்களுக்கு அக்டோபர் வாரம் அந்த வேலையைச் செய்கிறது: உடை வாங்க, ஒப்பனை கற்க, மருத்துவம் பற்றிக் கேட்க, முதன்முதலாகத் தன் பெயரில் தெருவில் நடக்க எல்லாவற்றுக்கும் ஆள் துணை கிடைக்கும்.

வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள் படங்களில் கவனம் வையுங்கள். தெரு முழுக்கக் கேமரா, கார்னிவல் அன்று பத்திரிகைக்காரர்களும் உண்டு. ஊர்வலத்தை முன்வரிசையில் நின்று பார்க்காமல் மாடி வராந்தாவிலிருந்து பாருங்கள், போனில் இருப்பிடத்தை அணைத்து வையுங்கள்.

எச்ஐவி தொற்றைத் தடுக்கும் பிரெப் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கும் நாளைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்து வாருங்கள், வெளிநாட்டு மருந்துச் சீட்டுக்கு அமெரிக்கக் கடைகள் மருந்து தராது. 1983இல் தொடங்கிய கேப் காட் எய்ட்ஸ் உதவிக் குழு ஊருக்குள்ளேயே எச்ஐவி பரிசோதனை செய்கிறது. பெரிய மருத்துவமனை ஹையானிஸில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதற்கேற்பப் பயணக் காப்பீடு எடுங்கள்.

இங்கேயே திருமணம் செய்ய நினைக்கிறவர்கள்: இருவரும் டவுன் ஹாலில் எழுத்தரிடம் நேரில் விண்ணப்பிக்க வேண்டும், ஊர்க்காரராக இருக்கத் தேவையில்லை. மூன்று நாள் காத்திருப்பு. வெள்ளிக்கிழமை விண்ணப்பித்தால் திங்கட்கிழமைதான் உரிமம் கையில் வரும், வார இறுதிக்கு மட்டும் வந்தவர்கள் இங்கேதான் சிக்குவார்கள். உரிமம் 60 நாள் செல்லும்.

ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் பதினொன்றுக்கு அறையைக் காலி செய்துவிட்டு மாலைக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். டவுன் ஹால் பக்கத்தில் 2018இல் நிறுவிய எய்ட்ஸ் நினைவுக் கல் இருக்கிறது, துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரம். பெரிய கல்மேசை போன்றது, மேற்பரப்பைக் கடலலை போலச் செதுக்கியிருக்கிறார்கள். மற்ற ஊர்கள் கைவிட்ட பலர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடைசி மாதங்களைக் கழிக்க இந்த ஊருக்கு வந்தார்கள், ஊர்க்காரர்கள் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். மழை பெய்த மறுநாள் அந்தச் செதுக்கிய அலைக் குழிகளில் தண்ணீர் நிற்கும், கையை வைத்தால் சில்லென்று இருக்கும். கப்பலுக்கு அரை மணி நேரம் முன்பு துறையில் வரிசைக்கு வந்துவிடுங்கள்.